இளம் மாமரத்தை எப்போது காய்ப்புக்கு விடுவது? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒட்டு மாங்கன்று நட்டு ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. இடுப்பளவு உயரம், சுண்டுவிரல் தடிமனில் தண்டு. ஒரு நாள் காலையில் பார்த்தால் உச்சியில் ஒரு சாண் நீளத்துக்குப் பூங்கொத்து நிற்கும். பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "தானா வந்ததை ஏன் கிள்றீங்க, நாலு காய் வரட்டுமே" என்பது ஒரு கட்சி. "மூணு வருஷத்துக்குப் பூவே இருக்கக்கூடாது, கிள்ளிப் போடு" என்பது இன்னொன்று.

நான் இரண்டையும் செய்து பார்த்தவன். ஒரே நாளில் நட்ட இரண்டு கன்றுகள், ஒரே ரகம், பக்கத்துப் பக்கத்துக் குழி. இரண்டாவது வருடம் இரண்டும் பூத்தன. ஒன்றில் ஆசைப்பட்டு 4 காய்களை விட்டேன், மற்றதில் எல்லாவற்றையும் கிள்ளினேன். காய் விட்ட கன்றின் உச்சி பாரத்தில் வளைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பறித்த பிறகும் அது நிமிரவில்லை, அந்த வருடம் முழுக்கப் புதுத் துளிரும் விடவில்லை. கிள்ளிய கன்று அதே காலத்தில் மூன்று முறை துளிர்த்து என் தலைக்கு மேல் போய்விட்டது. நான்காவது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் ஒன்று அண்ணன், மற்றது தம்பி என்றே நினைத்தார்கள்.

அதற்காக 'மூன்று வருடம்' என்ற கணக்கு வேதவாக்கு என்று சொல்ல வரவில்லை. பொதுவாகச் சொல்லப்படும் அளவு அது, ஒன்றும் தெரியாவிட்டால் அதைப் பின்பற்றுவதில் தவறில்லை. ஆனால் நல்ல மண்ணில் தண்ணீர் குறையாமல் வளர்ந்த இரண்டரை வயது மரம், பாறை மண்ணில் தவிக்கும் ஐந்து வயது மரத்தைவிடப் பெரிதாக இருக்கும். வயதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் முதலாவதைத் தேவையில்லாமல் காக்க வைப்போம், இரண்டாவதை அவசரப்பட்டு வாட்டுவோம். மரத்தைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதலில், இவ்வளவு சின்னக் கன்று ஏன் பூக்கிறது?

கொட்டை போட்டு முளைத்த மாமரம் பூக்க 5 முதல் 8 வருடம் ஆகும், சிலது அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அதற்கு இளமைப் பருவம் என்று ஒன்று உண்டு. அது முடியும்வரை என்ன செய்தாலும் பூக்காது.

ஒட்டுக் கன்றின் கதை வேறு. வேர் மட்டும்தான் குழந்தை. மேலே ஒட்டிய குச்சி, ஏற்கெனவே பல வருடம் காய்த்த தாய்மரத்தில் வெட்டியது. உடம்பு சிறிதானாலும் அந்தக் குச்சிக்கு வயது ஆகிவிட்டது. குளிர்ந்த இரவுகள் வந்ததும், தாய்மரத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருக்குமோ அதையே இங்கேயும் செய்கிறது. நர்சரிப் பையில் இருக்கும்போதே சில கன்றுகள் பூப்பது இதனால்தான். அந்தப் பூ 'நான் தயார்' என்ற அறிவிப்பு இல்லை, பழைய பழக்கம் அவ்வளவுதான். பூத்த கன்றைத் தேடி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காய் விட்டால் கன்று எதை இழக்கிறது?

மாவில் பூ பெரும்பாலும் கிளையின் நுனி மொட்டிலிருந்துதான் வரும். அதே நுனியிலிருந்துதான் அடுத்த துளிரும் வர வேண்டும். ஆக நுனி பூவாக மாறினால் அந்தக் கிளையின் வளர்ச்சி அங்கேயே நிற்கும். காய் பிடித்துவிட்டால், அது முதிர்ந்து கீழே இறங்கும்வரை பெரும்பாலும் அந்தக் கிளை புதிதாகத் துளிர்ப்பதில்லை. பூத்து முதிர்வதற்கு ரகத்தைப் பொறுத்து 100 முதல் 150 நாள். 40 கிளை உள்ள மரத்தில் 5 கிளை இப்படி நின்றால் பெரிய நஷ்டமில்லை. மூன்றே கிளை உள்ள கன்றில் மூன்றும் நின்றால் மரமே நின்றுபோனது மாதிரி.

இலை செய்யும் சர்க்கரையும் பங்கு போடப்படுகிறது. காய் ஒன்று கிளையில் தொங்கினால் முதல் பந்தி அதற்குத்தான். வேருக்கும் தண்டுக்கும் மிச்சம்தான் போகும். இளம் கன்றில் வேர் பரவ வேண்டிய வருடங்கள் இவை, அங்கே வரும் பஞ்சம் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த கோடையில், பக்கத்து மரம் பசுமையாக நிற்கும்போது இது மட்டும் வாடும். அப்போதுதான் புரியும்.

மூன்றாவது, வெறும் எடை. 300 கிராம் காய் ஒன்று ஒரு மெல்லிய கிளையின் நுனியில் தொங்குவதைக் கற்பனை செய்யுங்கள். கிளை வளையும், காற்றில் ஆடும், சில நேரம் ஒட்டுப் பகுதியிலேயே கீறல் விடும்.

படி 1: உங்கள் கன்று எந்த வகை?

கொட்டைக் கன்றா ஒட்டுக் கன்றா என்று தெரியாவிட்டால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் ஒரு முண்டு, சின்ன வளைவு, அல்லது பட்டையின் நிறமும் சொரசொரப்பும் மாறும் கோடு கைக்குத் தட்டுப்படும். கொட்டைக் கன்று என்றால் இந்தக் கவலையே பெரும்பாலும் இல்லை. அது பூக்கும்போது பெரிய மரமாகத்தான் இருக்கும், முதல் வருடக் காயை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டால் போதும்.

ஒட்டு என்றால் ரகத்தின் சுபாவத்தைப் பாருங்கள். ஆம்ரபாலி மாதிரிக் குட்டையான ரகங்கள் சீக்கிரம் பூக்கும், வருடாவருடம் பூக்கும், அளவு தெரியாமல் காய் பிடிக்கும். இவைதான் ஆபத்தானவை. சிறு வயதிலேயே காய்க்க விட்டால் குட்டையாகவே உறைந்துவிடும். லங்ரா மாதிரி ஓங்கி வளரும் ரகங்கள் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் பூவைப் பற்றி நினைப்பதே இல்லை. வளர்ச்சியில் வேகம் இருப்பதால் கொஞ்சம் காய் விட்டாலும் தாங்கும்.

எந்தப் பருவத்தில் பழுக்கும் ரகம் என்பதையும் கணக்கில் வையுங்கள். பருவத் தொடக்கத்தில் பழுத்துவிடும் ரகத்துக்கு, காய் இறங்கிய பிறகு துளிர்த்து உடம்பைத் தேற்றிக்கொள்ள மாதக்கணக்கில் நேரம் இருக்கும். கீட் மாதிரிக் கடைசியில் வரும் ரகங்களுக்கு அந்த இடைவெளி மிகக் குறைவு. காய் இறக்கி ஒரு துளிர் விட்டு முடிப்பதற்குள் அடுத்த குளிர் வந்து நிற்கும். அப்படிப்பட்ட ரகத்தில் நான் ஒரு வருடம் கூடுதலாகவே பொறுப்பேன்.

வயதை நிலத்தில் நட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். "இது மூணு வருஷக் கன்று" என்று நர்சரியில் சொல்லியிருக்கலாம். அந்த மூன்றில் இரண்டு வருடம் பைக்குள் வேர் சுருண்டு நின்றிருந்தால் அது கணக்கில் சேராது.

படி 2: தெம்பில் பூத்ததா, பயத்தில் பூத்ததா?

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாடும் மரமும் பூக்கும். சில சமயம் ஆரோக்கியமான மரத்தைவிட அதிகமாகவே பூக்கும். தண்டிலோ வேரிலோ ஏதாவது அடைத்து, இலை செய்த சர்க்கரை கீழே போக முடியாமல் மேலேயே தேங்கினாலும் மரம் பூவெடுக்கும்.

எனக்கு ஒரு முறை நடந்தது இது. புதிதாக வாங்கிய கன்று முதல் வருடமே எல்லா நுனியிலும் பூத்தது. கிளையே தெரியாத அளவுக்குப் பூ. இலைகள் மட்டும் லேசாக வெளுத்து, நடு நரம்போடு மடிந்த மாதிரி நின்றன. எருப் போதவில்லை என்று நினைத்து எரு வைத்தேன். மாறவில்லை. ஒரு நாள் களை பிடுங்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். ஒட்டுக் கட்டின பிளாஸ்டிக் நாடா பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பட்டை அதன்மேல் பிதுங்கி மூடி, தண்டுக்கு அரைஞாண் கட்டின மாதிரி ஒரு பள்ளம். நகத்தால் கீறி நாடாவை உருவி எடுத்தேன். பூக்களையெல்லாம் வெட்டினேன். அது தேறி வர ஒன்றரை வருடம் ஆனது.

பூத்த கன்றில் முதலில் இதைப் பாருங்கள்:

- ஒட்டுக்கட்டு நாடா, முட்டுக்குச்சியில் கட்டின கயிறு, பெயர் அட்டையின் கம்பி, எதுவும் தண்டில் இறுகியிருக்கக்கூடாது.
- ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து போத்து கிளம்பியிருந்தால் அடியோடு எடுத்துவிடுங்கள். மேலே ஒட்டு மெலிந்து, கீழே போத்து கொழுத்தால் ஒட்டு சரியாகச் சேரவில்லை என்று பொருள்.
- தண்டில் பிசின் வடிகிறதா, பட்டை வெடித்திருக்கிறதா?
- கடைசியாக எப்போது துளிர்த்தது? ஆறேழு மாதமாகத் துளிரே இல்லாமல் பூ மட்டும் வந்தால் அது நல்ல சகுனம் இல்லை.

இதில் ஒன்று தென்பட்டாலும் அந்த வருடம் காய் கிடையாது. மற்ற படிகளைப் படிக்கவே வேண்டாம், பூவை எடுத்துவிட்டுக் காரணத்தைச் சரி செய்யுங்கள்.

பூவே இல்லாத பூங்கொத்து ஒன்றும் உண்டு. காலிஃபிளவர் மாதிரிக் கட்டியாக, பச்சையாக, தடித்துத் திரண்டு நிற்கும், விரியாது. அது ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் உருக்குலைவு நோய். இதைக் கிள்ளினால் போதாது. கொத்துக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் கிளையோடு சேர்த்து வெட்டி எரித்துவிட வேண்டும். வெட்டின கத்தியைத் துடைக்காமல் அடுத்த மரத்துக்குப் போகாதீர்கள்.

படி 3: மரத்தை அளந்து பாருங்கள்

நான் மூன்று அளவு பார்க்கிறேன்.

முதலாவது தண்டு. ஒட்டுக்கு ஒரு சாண் மேலே ஒரு நூலைச் சுற்றி அளங்கள். சுற்றளவு 16 சென்டிமீட்டர் இருந்தால் விட்டம் சுமார் 5 சென்டிமீட்டர். டேப் இல்லாவிட்டால் உங்கள் மணிக்கட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரியவர்கள் மணிக்கட்டு ஏறக்குறைய அந்த அளவுதான். தண்டு மணிக்கட்டளவு தடிக்காத மரத்தில் நான் காய் விடுவதில்லை.

இரண்டாவது கிளை அடுக்கு. கன்றின் தண்டை 60 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் நுனி வெட்டிவிட்டால் கீழே பல மொட்டு கிளம்பும். நன்றாகப் பிரிந்த திசைகளில் மூன்றை வைத்துக்கொள்கிறோம். அந்த மூன்றும் ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிந்தால் 9, அது மறுபடி பிரிந்தால் 27. இந்த மூன்றாவது பிரிவு வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. 27 நுனி உள்ள மரத்தில் நாலைந்தைக் காய்க்கு ஒதுக்கிவிட்டு மற்றவற்றை வளர விடலாம். 3 நுனி உள்ள கன்றில் ஒதுக்க ஒன்றும் இல்லை.

மூன்றாவது துளிர்க்கணக்கு. இளம் மரம் நல்ல கவனிப்பில் வருடத்துக்கு நாலைந்து முறைகூடத் துளிர்க்கும். செம்பு நிறத்தில் தொங்கும் கொழுந்து, வெளிர்ப்பச்சையாகி, பிறகு கரும்பச்சையாகி விறைக்கும். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை துளிர் வந்தது என்று கிளையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒவ்வொரு துளிரும் முடிந்த இடத்தில் இலைகள் நெருக்கமாக ஒரு வளையம் மாதிரி நிற்கும். இரண்டு வளையத்துக்கு நடுவே உள்ளது ஒரு துளிர். வருடத்துக்கு மூன்றுக்குக் குறையாமல் துளிர்த்த மரம் தெம்பான மரம்.

படி 4: முடிவு

நட்டு ஒரு வருடத்துக்குள் வந்த பூ என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிட வேண்டும். இரண்டாவது வருடமும் அப்படித்தான், ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வாங்கின ரகம் உண்மையில் அதுதானா என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் ஒரு காய். ஒன்றே ஒன்று, அதுவும் தண்டின் உச்சியில் இல்லாமல் ஒரு பக்கக் கிளையில். கன்னிக்காயை வைத்துச் சுவைக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முதல் காய்கள் பல நேரம் சப்பென்றிருக்கும், அளவிலும் மாறும். வடிவம், தோல் நிறம், நார், வாசனை ஆகியவற்றை வைத்து ரகத்தை ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது வருடம்தான் படி 3-இன் அளவுகள் பேச வேண்டிய இடம். மூன்றும் தேறினால் படி 6-இல் சொல்லும் கணக்குப்படி கொஞ்சம் காய் விடலாம். இரண்டுதான் தேறுகிறது என்றால் 'ஒரு காய்' விதி. ஒன்றுதான் என்றால் மறுபடி கிள்ளல். நான்காவது ஐந்தாவது வருடத்தில் பெரும்பாலான மரங்கள் தேறிவிடும். அப்போதும் தேறாத மரத்தில் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. மண்ணையும் வேரையும் தோண்டிப் பார்க்கும் நேரம் அது.

படி 5: பூவை எடுக்கும் விதம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவசரப்பட்டுக் கிள்ளுவதால் வேலை மூன்று மடங்காகும் இடம் இதுதான்.

மாவின் நுனி பூவாகுமா துளிராகுமா என்பதை முக்கியமாகக் குளிர் தீர்மானிக்கிறது. இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் மொட்டு கிளம்பினால் பூ. வெப்பமான நாட்களில் கிளம்பினால் பெரும்பாலும் துளிர். குளிரே இல்லாத வெப்பப் பகுதிகளில், துளிர்க்காமல் நாலைந்து மாதம் ஓய்ந்து முதிர்ந்த கிளைகள் தாமாகப் பூக்கும். இப்போது குளிர் உச்சத்தில் இருக்கும்போது நுனிப் பூங்கொத்தைக் கிள்ளிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே உள்ள பக்க மொட்டுகள் கிளம்பும். குளிர் இன்னும் இருப்பதால் அவையும் பூவாகவே வரும். ஒரு பூங்கொத்துப் போய் மூன்று வந்து நிற்கும். அதையும் கிள்ளினால் இன்னும் கீழே.

அதனால் மரத்தின் தெம்பைப் பார்த்து இரண்டு வழி.

ஒன்று, காத்திருப்பது. பூங்கொத்து விரிந்து, பூவுதிர்ந்து, பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரும்வரை விட்டுவிட்டு அப்புறம் வெட்டுவது. அதற்குள் இரவுகள் சூடேறியிருக்கும், வெட்டின இடத்திலிருந்து துளிரே வரும். ஓரளவு தெம்பான இரண்டு, மூன்று வருடக் கன்றுக்கு இதுதான் என் வழி. பூவுக்குக் கொஞ்சம் சத்து செலவாகும், உண்மைதான். ஆனால் காய்க்குப் போவதோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

இரண்டு, உடனே எடுப்பது. முதல் வருடக் கன்று, மெலிந்த கன்று, அல்லது பூங்கொத்தில் வெள்ளைப் பொடியாகச் சாம்பல் நோயோ கை வைத்தால் படபடவென்று பறக்கும் தத்துப்பூச்சியோ ஏறிவிட்ட கன்று என்றால் காத்திருக்க வேண்டாம். கொத்து விரல் நீளத்துக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். மறுபடி வந்தால் மறுபடி எடுங்கள். சின்னக் கன்றில் மொத்தமே நாலு நுனிதான், பெரிய வேலையில்லை.

வெட்டும் இடம் முக்கியம். பூங்கொத்தின் காம்பில் ஒரு அங்குலத்தை விட்டுவிட்டு அதற்கு மேல் வெட்டினால் போதும். மிச்சக் காம்பு சில நாட்களில் காய்ந்து மஞ்சளாகித் தானாக விழுந்துவிடும், கிளையில் காயமே இருக்காது. கையால் முறித்து இழுத்தால் பட்டை உரிந்து வரும், பக்க மொட்டும் போகும். கத்திரிக்கோல் எடுங்கள். வெட்டும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பூவில் அவ்வளவாக இல்லை, பிஞ்சுக் காம்பில் பால் பீறிட்டு வரும். தோலில் பட்டால் எரிந்து கொப்புளமாகும், கண்ணில் பட்டால் அன்றைய பொழுது போச்சு.

கிளை ஏற்கெனவே நீளமாக ஓடிவிட்டது, இங்கே கவாத்துச் செய்ய வேண்டும் என்று தோன்றினால் பூவையும் கவாத்தையும் ஒரே வெட்டில் முடித்துவிடலாம். குளிர் போன பிறகு, இலை வளையத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வளையத்துக்கு மேலே வெட்டினால் அதே இடத்திலிருந்து ஐந்தாறு கிளை கொத்தாக முளைக்கும், எல்லாம் ஒரே கவையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், பிற்காலத்தில் காய்ப் பாரத்தில் பிளக்கும். வளையத்துக்குக் கீழே வெட்டினால் இடைவெளி விட்டு இரண்டு மூன்று கிளை வரும், ஒவ்வொன்றும் உறுதியாக இருக்கும். பூவை மட்டும் எடுத்த நுனிகளிலும் இந்தக் கொத்துக் கிளைச் சிக்கல் வரும். துளிர் விரல் நீளம் வந்ததும் நல்ல திசையில் உள்ள மூன்றை வைத்துவிட்டு மற்றதைக் கட்டைவிரலால் ஒடித்துவிடுங்கள்.

பூ வேண்டாத கன்றுக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். காய்க்கிற மரத்தைப் பூக்கும் முன் வாட்டத்தில் வைப்பார்கள், அதைப் பார்த்துக் கன்றையும் வாட்டுபவர்கள் உண்டு. வாட்டினால் இன்னும் பூக்கும். அதே காரணத்துக்காக, பூக்க வைக்கும் பொட்டாசியம் நைட்ரேட் தெளிப்பும், மண்ணில் ஊற்றும் பேக்லோபுட்ரசாலும் இளம் கன்றுப் பக்கமே வரக்கூடாது. பின்னது வளர்ச்சியை அடக்கும் மருந்து, மண்ணிலும் நெடுநாள் தங்கும். வளர வேண்டிய வயதில் அதைக் கொடுப்பது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

படி 6: எத்தனை காய்?

மரம் தேறிவிட்டது, விடலாம் என்று முடிவாகிவிட்டது. இனி 'விடலாமா' என்பதைவிட 'எத்தனை' என்பதுதான் முக்கியமான கேள்வி. நான்கு காய் தாங்கும் மரத்தில் பதினான்கை விடுவது, கிள்ளாமல் விட்ட இரண்டாம் வருடக் கதையேதான்.

இலையை எண்ணுங்கள். ஒரு காய் ஒழுங்காகப் பருக்கக் குறைந்தது 30 நல்ல இலையாவது அதற்காக உழைக்க வேண்டும். இளம் மரத்தில் வளர்ச்சிக்கும் பங்கு வேண்டும் என்பதால் நான் 50 என்று வைத்துக்கொள்கிறேன். எல்லா இலையையும் எண்ண வேண்டியதில்லை. நடுத்தரமான ஒரு கிளை நுனியில், கடைசித் துளிரில் எத்தனை முதிர்ந்த இலை என்று எண்ணுங்கள். 12 என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட நுனிகள் 40 இருந்தால் 480 இலை. 50-ஆல் வகுத்தால் 9 காய். முதல் காய்ப்பு என்பதால் அதிலும் பாதி, அதாவது நாலைந்து. உள்ளே இருக்கும் பழைய இலைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது மரத்தின் சேமிப்பாக இருக்கட்டும். அடுத்த வருடம் முழுக் கணக்குக்குப் போகலாம்.

எப்போது குறைப்பது? அவசரம் வேண்டாம். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலதில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அதில் நூற்றில் ஒன்றுகூடக் காயாக முதிர்வதில்லை. முதல் நாலைந்து வாரம் மரமே உதிர்க்கும். பட்டாணியாக இருக்கும்போது 60 பிஞ்சைப் பார்த்து மலைத்தவர்கள், எலுமிச்சை அளவு வரும்போது எட்டைத்தான் பார்ப்பார்கள். அந்த எலுமிச்சை அளவில்தான் நாம் கத்திரிக்கோலை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் நாம் நாலை மட்டும் விட்டு மற்றதைக் குறைத்தால், மரம் அந்த நாலையும் உதிர்த்து நம்மைக் கேலி செய்யும்.

எதை வைப்பது, எதை எடுப்பது:

- தண்டின் தொடர்ச்சியாக மேலே போகும் உச்சிக் கிளையில் காய் இருந்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். சட்டகத்தை உருவாக்கும் மூன்று முதன்மைக் கிளைகளின் நுனிகளுக்கும் இதே விதி.
- ஒரு கொத்துக்கு ஒரு காய். இரண்டு உரசிக்கொண்டு தொங்கினால் உரசும் இடத்தில் தோல் கெடும், பூச்சியும் ஒளியும்.
- பென்சிலைவிட மெல்லிய கிளையில் காய் வேண்டாம்.
- வளராமல் கோலிகுண்டு அளவிலேயே நிற்கும் காய்கள் இருந்தால் அவை விதை பிடிக்காதவை. பூத்த சமயம் குளிர் அதிகமாக இருந்தால் இப்படி நிறைய வரும். கணக்கில் சேர்க்காமல் எடுத்துவிடுங்கள்.
- ஒரே பக்கத்தில் எல்லாக் காயும் வேண்டாம். மரம் சாயும்.

மனசுக்குக் கஷ்டமான வேலைதான். எங்கள் வீட்டில் நான் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனால் மற்றவர்கள் ஜன்னலை மூடிக்கொள்வார்கள்.

படி 7: காய் தொங்கும் மாதங்களில்

முட்டுக் கொடுப்பது முதல் வேலை. காய் எலுமிச்சையைத் தாண்டியதும், கிளை வளையத் தொடங்கும் முன்பே, கவை உள்ள ஒரு கழியைக் கிளைக்குக் கீழே ஊன்றிவிடுங்கள். கிளை உரசும் இடத்தில் பழைய துணியோ சைக்கிள் டியூப் துண்டோ வையுங்கள். கயிறு போட்டுத் தண்டோடு இழுத்துக் கட்டுவதை நான் செய்வதில்லை. காற்றில் கயிறு பட்டையை அறுத்துவிடும்.

தண்ணீர் சீராக இருக்க வேண்டும். நாலு நாள் காய விட்டு ஐந்தாவது நாள் வெள்ளமாக விட்டால் காய் உதிரும், சிலது வெடிக்கும். இளம் மரத்தின் வேர் இன்னும் ஆழம் போயிருக்காது என்பதால் இலைச் சருகால் மூடாக்குப் போடுவது பெரிய உதவி. மூடாக்குத் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். உரம் பற்றி இங்கே நீட்ட விரும்பவில்லை. ஒரே ஒரு விஷயம், காய் தொங்கும்போது தழைச்சத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். அதை அறுவடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இடையில் மரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். காய் வைத்த கிளைகளில் முதிர்ந்த இலைகள் வெளிறி உதிரத் தொடங்கினால், கணக்குத் தப்பிவிட்டது. பாதிக் காயை அப்போதே எடுத்துவிடுங்கள். 'இவ்வளவு நாள் விட்டாச்சு, இன்னும் ஒரு மாசம்தானே' என்று தோன்றும். அந்த ஒரு மாதமும் காய் மரத்திடமிருந்து இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

படி 8: பறித்த பிறகு மரம் சொல்லும் பதில்

காய் இறக்கியதும் காய்த்த நுனிகளை ஒரு வளையம் பின்னுக்கு வெட்டி, எருவும் தண்ணீரும் கொடுங்கள். அப்புறம் நாட்களை எண்ணுங்கள். நல்ல வெப்பத்தில் இரண்டு மாதத்துக்குள் காய்த்த கிளைகளிலும் துளிர் கிளம்பினால், நீங்கள் விட்ட அளவு சரி. அடுத்த வருடம் கூட்டலாம். காய்க்காத கிளைகள் மட்டும் துளிர்த்து, காய்த்தவை மொட்டையாக நின்றால் அடுத்த வருடம் அதே அளவு அல்லது குறைவு. எதுவுமே துளிர்க்காவிட்டால் அடுத்த வருடப் பூ முழுவதும் கத்திரிக்கோலுக்கு.

அடுத்த வருடம் பூவே வராமல் போனாலும் பதற வேண்டாம். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்ப்பது பல ரகங்களின் சுபாவம். முதல் காய்ப்பில் அளவு மீறினால் அந்தப் பழக்கம் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

விதிக்கு வெளியே நிற்கும் சில மரங்கள்

தொட்டி மாமரத்தை நாமே சிறிதாகத்தான் வைத்திருக்கப் போகிறோம். பெரிய சட்டகம் தேவையில்லை. வேர் தொட்டியை நிரப்பி, தண்டு கட்டைவிரலைவிடத் தடித்து, பத்துப் பன்னிரண்டு நுனி வந்துவிட்டால் ஓரிரண்டு காய் விடலாம். இலைக்கணக்கு மட்டும் அதேதான்.

அடர் நடவில், 3 மீட்டருக்கு 2 மீட்டர் மாதிரி நெருக்கமாக நட்ட மரங்களில், மரம் பெரிதாக வேண்டாம் என்பதே திட்டம். அங்கே மூன்றாம் வருடத்திலிருந்து காயை அனுமதிப்பது வளர்ச்சியை அடக்கும் ஒரு கருவியும்கூட. ஆனால் முதல் இரண்டு வருடக் கிளையமைப்பில் அங்கேயும் சலுகை கிடையாது. சொல்லப்போனால் அங்கே இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

வளர்ந்த மரத்தைத் தலை வெட்டி வேறு ரகம் ஒட்டியிருந்தால் நேரெதிர்க் கதை. வேர் பெரியது, தண்டு பெரியது, சத்துக்குப் பஞ்சமில்லை. பலவீனம் ஒட்டின இடத்தில் மட்டும்தான். ஒட்டிய கிளை மணிக்கட்டளவு தடிக்கும்வரை, பெரும்பாலும் இரண்டு வருடம், பொறுத்தால் போதும்.

இடம் மாற்றி நட்ட மரமும், வேர் வெட்டுப்பட்ட மரமும் எத்தனை வயதானாலும் முதல் வருடக் கன்றுதான். பூவை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக என் தம்பிக் கன்றைப் பற்றி. அதன் சாய்ந்த உச்சியை ஐந்தாம் வருடம் வளையத்துக்குக் கீழே வெட்டி எடுத்தேன். மூன்று புதுக் கிளை நேராகக் கிளம்பின. அடுத்த குளிரில் மூன்றும் பூத்தன. பிஞ்சு பட்டாணி அளவு வரும்வரை காத்திருந்து மூன்றையும் வெட்டினேன். இப்போது அந்த நுனிகளில் செம்பு நிறக் கொழுந்து தொங்குகிறது. தண்டில் நூல் சுற்றிப் பார்த்தேன், 14 சென்டிமீட்டர்.